ஊர் வீட்டுக்கு இன்டர்நெட்: கொழும்பில் இருந்து ஏற்பாடு செய்பவர்களுக்கு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்துகொண்டு ஊரில் உள்ள அம்மா அப்பாவுக்கு இன்டர்நெட் எடுத்துக் கொடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். காலி வீதியில் ஒரு ஷோரூமுக்குள் நுழைந்து, சுவரில் உள்ள பக்கேஜ்களில் மலிவானதைத் தெரிவுசெய்து, ரவுட்டரை வாங்கி, அன்றிரவே யாழ்ப்பாண பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுகிறார்கள். விடிய ரவுட்டர் ஊரில். பத்து மணிக்கு அம்மாவின் அழைப்பு வரும்: "தம்பி, சிவப்பு லைட்தான் எரியுது."

கொழும்பில் இப்படி வாங்கினால் பெரிய பிழை வராது. எந்தக் கம்பனியை எடுத்தாலும் ஏதோ ஒரு அளவுக்கு ஓடும். ஊரில் அப்படியில்லை. வீட்டுக்கு முன்னால் பைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) போகிறதா, டவர் எந்தப் பக்கம், நடுவில் எத்தனை தென்னை, மின்சாரம் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வரும் என்பவைதான் கம்பனியைத் தீர்மானிக்கும். பக்கேஜும் விலையும் கடைசியில் பார்க்க வேண்டியவை. அதனால் கீழே சொல்வதை அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

முதலில், யாருக்கு, எதற்கு

அம்மா வட்ஸ்அப்பில் பேரப்பிள்ளைகளைப் பார்க்கவும் யூடியூப்பில் திருவிழா பார்க்கவும் என்றால் 4 அல்லது 5 எம்பிபிஎஸ் (இன்டர்நெட் வேகத்தின் அளவு) ஒழுங்காக வந்தாலே தாராளம். வீடியோ அழைப்பு ஒன்றுக்கு 1 எம்பிபிஎஸ் போதும். நீங்களே ஊருக்குப் போய் அங்கிருந்து வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. சூம் கூட்டத்தில் தெளிவான படத்துடன் இருக்க 3 முதல் 4 எம்பிபிஎஸ் வரை வேண்டும், அதுவும் போகிற பக்கமும் வருகிற பக்கமும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது டவுன்லோட் வேகம். உங்கள் முகம் அலுவலகத்துக்கு உறையாமல் போய்ச் சேருவது அப்லோடை நம்பித்தான். 4ஜியில் டவுன்லோட் 20 வந்தும் அப்லோட் 1ஐத் தாண்டாத வீடுகள் உண்டு. எங்கே சோதித்தாலும் இரண்டையும் எழுதி வையுங்கள்.

ஊரில் மூன்று பேரிடம் கேளுங்கள்

கம்பனிகளின் இணையத்தளத்தில் கவரேஜ் வரைபடம் இருக்கும். அதைப் பார்க்கலாம், நம்பிப் பணம் கட்ட வேண்டாம். அது கணினி கணக்குப் போட்டு வரைந்த நிறம். உங்கள் வளவில் நிற்கும் பலா மரம் அதற்குத் தெரியாது.

கேட்க வேண்டியவர்களில் முதலாமவர், ஏற்கெனவே இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர். அடுத்தவர் சந்தியில் கொமினிகேஷன் கடை வைத்திருப்பவர். ரீலோட் போட வருகிற எல்லோருடைய முறைப்பாட்டையும் கேட்பவர் அவர்தான். எந்தக் கம்பனியின் டேட்டா கார்ட் அதிகம் போகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கும். மூன்றாவது, உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை. ஒன்லைன் வகுப்பு எந்த நேரத்தில் அறுகிறது என்பதை அவர்களைப் போலத் துல்லியமாகச் சொல்ல யாரும் இல்லை.

"நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓம், பரவாயில்லை" என்பார்கள். அதற்குப் பதிலாக, "இரவு எட்டு மணிக்கு எப்படி? மழை பெய்தால் எப்படி? கரண்ட் போனால் எவ்வளவு நேரம் நிற்கும்?" என்று கேளுங்கள்.

பைபர் கிடைக்குமா என்று பார்ப்பது

கிடைத்தால் பைபர்தான். மேலே யோசிக்கத் தேவையில்லை. மழைக்கும் மரத்துக்கும் அஞ்சாது, மாலை நெரிசலிலும் பெரிதாக விழாது. பழைய செம்புக் கம்பி இணைப்புகளை மின்னல் பதம் பார்த்த மாதிரி இதன் கண்ணாடி இழையைப் பார்க்காது, செம்புக்காக வெட்டிக்கொண்டு போகவும் யாரும் வரமாட்டார்கள். தூரக் கிராமங்களில் பைபர் என்றால் பெரும்பாலும் எஸ்எல்டி மொபிடெல்தான். 1212க்கு அழைத்துக் கேட்கலாம்.

ஆனால் "உங்கள் பிரதேசத்தில் பைபர் இருக்கிறது" என்ற பதில் "உங்கள் வீட்டுக்கு வரும்" என்பதாகாது. பிரதான கேபிளில் இருந்து வரும் இழையைக் கம்பத்தில் உள்ள சிறு பெட்டி ஒன்றில் பிரித்து வீடுகளுக்குக் கொடுப்பார்கள். அந்தப் பெட்டியில் வீட்டுக்கொன்றாகக் கம்பி பூட்டும் துளைகளின், அதாவது போர்ட்களின், எண்ணிக்கை அளவானது. எல்லாம் முடிந்துவிட்டால், பெட்டி உங்கள் படலைக்கு முன்னாலேயே தொங்கினாலும், "போர்ட் இல்லை, காத்திருங்கோ" என்ற பதில்தான். மறுபக்கம், போர்ட் இருந்தும் வீடு பெட்டியில் இருந்து தள்ளி இருந்தால் மேலதிகக் கம்பிக்கும் இடையில் நட வேண்டிய கம்பத்துக்கும் தனியாகக் கட்டணம் கேட்கலாம். வன்னியில் ஏக்கர் கணக்கில் காணியும் நடுவில் வீடுமாக இருப்பவர்களுக்கு இது சின்னத் தொகை இல்லை.

ஆகவே அழைப்பதற்கு முன் ஊரில் யாரையாவது ஒரு நடை நடக்கச் சொல்லுங்கள். படலையில் இருந்து பெட்டி உள்ள கம்பம் வரை எத்தனை கம்பம், கம்பி யாருடைய காணிக்கு மேலால் வரும், பெட்டியில் ஏதாவது இலக்கம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, பெட்டியையும் கம்பத்தையும் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படமும் கூகுள் மெப்பில் வீட்டின் புள்ளியும் கையில் இருந்தால், "பார்த்துச் சொல்கிறோம்" என்று இழுத்தடிக்கும் அழைப்புகள் பாதியாகக் குறையும். கம்பி அடுத்த வீட்டு வளவுக்கு மேலால் வருமென்றால் அவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. டெக்னீஷியன் ஏணியோடு வந்து நிற்கும்போது எல்லைத் தகராறு கிளம்பினால் அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். திரும்ப வரும் நாளை யாரும் சொல்ல முடியாது.

தோட்டப் பகுதிகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். லயத்தில் உள்ள வீட்டுக்குப் பல இடங்களில் தனி முகவரி கிடையாது. கடிதம்கூடத் தோட்டத்தின் பெயருக்குத்தான் வரும். நிரந்தர இணைப்புக்கு முகவரியை உறுதிப்படுத்தக் கேட்பார்கள். வீட்டுப் பெயரில் மின்சாரப் பட்டியலோ காணி உறுதியோ இல்லாதபோது கிராம அலுவலரின் சான்றிதழ்தான் வழி. கம்பம் நடுவதற்கும் கம்பி இழுப்பதற்கும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஒரு வீட்டுக்காகக் கேட்டால் விண்ணப்பம் மேசையில் கிடக்கும். அந்த லயத்திலேயே நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுத்தால் நிர்வாகமும் பார்க்கும், கம்பனிக்கும் வேலைக்கு வரக் காரணம் இருக்கும்.

பைபர் இல்லையென்றால் 4ஜி

நெடுந்தீவு, படுவான்கரை, மஸ்கெலியாவின் உட்தோட்டங்கள் என்று பல இடங்களில் நடைமுறையில் இதுதான் கையில் உள்ள வழி. இங்கேதான் அதிகம் பேர் காசை வீணாக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ரவுட்டர் வாங்குவதற்கு முன் சிம் வாங்குங்கள். டயலொக், மொபிடெல், ஹட்ச் மூன்றிலும் ஆளுக்கொரு முற்கொடுப்பனவு சிம்மும் சின்ன டேட்டா பக்கேஜும் போதும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கொண்டுபோங்கள். போனின் மேல் மூலையில் உள்ள கோடுகளைப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு போனும் தன் இஷ்டத்துக்குக் கோடு காட்டும். ஆண்ட்ராய்ட் போனில் செட்டிங்ஸுக்குள் போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலை என்ற இடத்தைத் திறந்தால் சிக்னல் பலம் எண்ணாகத் தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் அதற்குரிய பக்கம் வரும்.

எண் எப்போதும் கழித்தலில்தான் இருக்கும், பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. கழித்தல் 80, 90 என்றால் சந்தோஷம். 100 என்றால் சமாளிக்கலாம். 110ஐத் தாண்டிவிட்டால் வட்ஸ்அப் செய்தி போகும், வீடியோவில் முகம் உறையும். 120 என்றால் அந்தக் கம்பனியை அந்த வீட்டுக்கு மறந்துவிடலாம். ஹோலில், முன் விறாந்தையில், கிணற்றடியில், முடிந்தால் மேல்மாடியிலோ தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்திலோ என்று இடத்துக்கு இடம் எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டு வீட்டுக்குள் 112 காட்டிய போன் தாங்கிக்குப் பக்கத்தில் 94 காட்டினால், அந்த வீட்டுக்குத் தேவை விலை கூடிய பக்கேஜ் இல்லை, உயரம். தகரக் கூரை என்றால் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் இன்னும் கூடும்.

பிறகு வேகச் சோதனை. காலை ஆறு மணிக்கு ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று. காலையில் 30 எம்பிபிஎஸ் வந்து இரவில் 2 வந்தால் சிக்னலில் குறையில்லை, டவரில் கூட்டம். அதற்கு அன்டெனா மருந்தாகாது. கம்பனியைத்தான் மாற்ற வேண்டும். இன்னொன்று, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போய்ச் சோதித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். கொழும்பில் வேலை செய்யும் பொடியன்கள் எல்லோரும் போனும் கையுமாக ஹட்டன் பக்கம் இறங்கியிருக்கும் வாரத்தில் எந்த டவரும் மூச்சு வாங்கும். சாதாரண வாரத்து நாள் ஒன்றில் பாருங்கள்.

அலைவரிசையும் ஒரு காரணம். 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், சுவருக்குள்ளும் நுழையும். 2300 போன்ற உயர்ந்த அலைவரிசை நிறைய டேட்டாவைச் சுமக்கும், ஆனால் மரக்கூட்டத்துக்கும் மலைக்கும் சீக்கிரம் தோற்றுவிடும். ஒரே கம்பனியின் போன் சிம் நன்றாக ஓட, அதே கம்பனியின் வீட்டு ரவுட்டர் திணறுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், இரண்டும் வேறு வேறு அலைவரிசையில் ஓடக்கூடும். போன் சிம்மில் சோதித்த பிறகு, வீட்டு இணைப்பும் அதே அலைவரிசையில்தான் வருமா, சரிவராவிட்டால் ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டே கட்டுங்கள். சிம் பதிந்த இடத்தைவிட்டு வேறு இடத்தில் வேலை செய்யுமா என்பதையும் கேளுங்கள். கொழும்பில் பதிந்துவிட்டு ஊருக்கு அனுப்புபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

உயரம் தேவை என்று தெரிந்தால் இரண்டு வழி. ரவுட்டரில் வெளி அன்டெனா பூட்டும் துளைகள் இருந்தால் கூரைக்கு மேல் அன்டெனா வைத்து வயரை உள்ளே இழுக்கலாம். ஆனால் அந்த வயர் நீளமாக நீளமாகக் கிடைத்த சிக்னலை அதுவே தின்றுவிடும். பத்து மீற்றரைத் தாண்டும் என்றால், வெளியிலேயே வைக்கக்கூடிய ரவுட்டர் நல்லது. அதில் சிம்மும் அன்டெனாவும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், வீட்டுக்குள் வருவது சாதாரண நெட்வொர்க் வயர் மட்டும். அது 100 மீற்றர் வரை இழப்பில்லாமல் வரும், கரண்டும் அதே வயரில் மேலே போகும். வளவின் மூலையில் சிக்னல் நன்றாக இருந்தால் அங்கேயே ஒரு குழாய் நட்டுவிடலாம். குழாய்க்கு எர்த் போட மறக்க வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமழை எப்படி இருக்கும் என்று ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

பொருள் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலும் கிடைக்கும். சிம் போடும் கருவி எதுவாக இருந்தாலும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உள்ளதா என்று கேளுங்கள். கருவிக்கே உரிய தனி அடையாள இலக்கமான ஐ.எம்.இ.ஐ. இலக்கத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பி அதைச் சரிபார்க்க முடியும். "பூஸ்டர்" என்ற பெயரில் கடைக்காரர் எடுத்து நீட்டும் பெட்டியை மட்டும் வாங்க வேண்டாம். அனுமதியில்லாத சிக்னல் பூஸ்டர் சட்டத்துக்கு விரோதம். தவிர, அது அயலில் உள்ள எல்லோருடைய சிக்னலையும் குழப்பும்.

ஸ்டார்லிங்க்

ஸ்டார்லிங்க் செய்மதி வழியாக இன்டர்நெட் தருவது. 2024 ஓகஸ்ட்டில் உரிமம் பெற்று, 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள் என்பதால், 36,000 கிலோமீற்றரில் நிற்கும் பழைய வகைச் செய்மதி இணைப்பு போல் பேச்சு இழுபடாது. டவரே எட்டாத இடத்தில் இருந்து வேலை செய்ய வேண்டியவருக்கு இது உண்மையான தீர்வு. அம்மாவின் வட்ஸ்அப்புக்கு இது அதிகம். தொடங்கியபோதே கருவிக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல், மாதக் கட்டணம் பத்தாயிரத்துக்கு மேல். இரண்டு மூன்று வீடுகள் பகிர்ந்தால்தான் கிராமத்தில் கட்டுப்படியாகும். அதற்கு முன் பக்கேஜின் நிபந்தனைகள் அதை அனுமதிக்கின்றனவா என்று பாருங்கள்.

வாங்குவதற்கு முன் அதன் செயலியை இறக்கி, செய்மதிச் சிக்னலைப் பிடிக்கும் தட்டை வைக்கப்போகும் இடத்தில் நின்று போனை வானத்தைச் சுற்றிக் காட்டினால் எந்தப் பக்கம் மறைக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். தென்னஞ்சோலைக்குள் உள்ள வீடுகள் பெரும்பாலும் இந்தப் பரீட்சையில் தேறுவதில்லை.

மின்சாரத்தை மறந்தால் எல்லாம் வீண்

2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடே இருண்டது. ஊரில் இப்படிப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை, ஒரு தென்னோலை போதும்.

பைபர் ரவுட்டரும் 4ஜி ரவுட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை, மிகக் குறைந்த மின்சாரம்தான் இழுக்கும். இவற்றுக்கென்றே கையடக்கமான மினி யூபிஎஸ் விற்கிறார்கள். வாங்கும் முன் உங்கள் ரவுட்டர் அடப்டரில் எழுதியுள்ள வோல்ட்டையும் அம்பியரையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். செருகியின் அளவும் பொருந்த வேண்டும். நல்லதொன்று சில மணித்தியாலம் தாங்கும். ஸ்டார்லிங்க் தட்டு இதில் ஓடாது. அது 75 முதல் 100 வாட் வரை இழுக்கும், அதற்குச் சோலார் பட்டரியோ பெரிய இன்வேட்டரோ வேண்டும்.

வீட்டில் கரண்ட் இருந்தாலும் டவரில் இல்லாவிட்டால் 4ஜி இல்லை. டவரின் பட்டரி எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்பதைக் கொமினிகேஷன் கடைக்காரர் சொல்வார். ஊரிலிருந்து வேலை செய்பவர்கள் இரண்டாவது கம்பனியின் சிம் ஒன்றை ரீலோட் போட்டுத் தயாராக வைத்திருப்பது அவசியம். ஆனால் இரண்டு கம்பனியும் ஒரே டவரில் ஏறியிருந்தால் இரண்டும் ஒன்றாகவே விழும். டவர்கள் எங்கே என்று காட்டும் செல்மேப்பர் போன்ற செயலியில் பார்த்தோ ஊரில் கேட்டோ வேறு டவரில் உள்ளதை எடுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது மலையகத்தில் மின்சாரமும் கேபிளும் சேர்ந்தே போய்ப் பல இடங்கள் தொடர்பற்றுக் கிடந்தன. அந்த அளவு அழிவுக்கு எந்த வீட்டு ஏற்பாடும் ஈடுகொடுக்காது. சாதாரண மழைக்காலத்துக்கு இது போதும்.

பக்கேஜ், கட்டணம்

இப்போது ஷோரூமுக்குப் போகலாம். கேட்க வேண்டியவை சில. சொல்லும் விலை வரியோடா, வரி இல்லாமலா? 2024 ஜனவரியில் இருந்து வற் வரி மட்டுமே 18 வீதம். "அன்லிமிட்டெட்" என்றால் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும், எவ்வளவாகக் குறையும்? டேட்டாவில் பகலுக்கு எவ்வளவு, நள்ளிரவுக்குப் பிறகு எவ்வளவு? 100 ஜிபி என்று போட்டுவிட்டு அதில் பாதி ஊர் தூங்கும் நேரத்துக்கு என்றால், எட்டரைக்கே படுக்கும் அப்பாவுக்கு அது 50 ஜிபிதான். ஒப்பந்தக் காலம் எவ்வளவு, இடையில் நிறுத்தினால் என்ன கட்ட வேண்டும்?

வயதானவர்கள் மட்டும் உள்ள வீட்டுக்கு என் தெரிவு, கொழும்பில் இருந்தே ஒன்லைனில் கட்டக்கூடிய மாதாந்த இணைப்பு. முற்கொடுப்பனவு மலிவாகத் தெரியும், ஆனால் டேட்டா முடிகிற நாள் எப்போதும் ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்கும். ரவுட்டர் வந்ததும் யூடியூப் தரத்தை 480க்குக் குறைத்து வைத்துவிடுங்கள். சின்னத் திரையில் அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, டேட்டா பல மடங்கு நிற்கும்.

பூட்டிய பிறகு

கணக்கு இலக்கம், பதிந்த அடையாள அட்டை யாருடையது, வைஃபை கடவுச்சொல், வாடிக்கையாளர் சேவை இலக்கம் நான்கையும் பெரிய எழுத்தில் எழுதி ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எந்த லைட் எரிந்தால் நல்லது என்று அம்மாவுக்கு ஒருமுறை காட்டிவிட்டு, நல்ல நிலையில் உள்ள ரவுட்டரை ஒரு படமும் எடுத்து வையுங்கள். பிறகு போனில் "எந்த லைட் எரியுது?" என்று அரை மணித்தியாலம் பேசத் தேவை வராது. இடி இடித்தால் அடப்டரைக் கழற்றச் சொல்லுங்கள்.

இணைப்பு அடிக்கடி அறுந்தால் தொலைபேசியில் கோபப்படுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் தரும் இலக்கத்தைத் திகதியோடு குறித்து வையுங்கள். கம்பனி அசையாவிட்டால் அந்தப் பட்டியலோடு கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் உள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறவும் உரிமை உண்டு. எந்தக் கம்பனியின் சிக்னலும் எட்டாத கிராமம் என்றால், தனி ஆளாக எழுதாமல் கிராம அலுவலர், பிரதேச செயலகம் ஊடாக ஊராகச் சேர்ந்து எழுதுங்கள். 2020இல் இரத்தினபுரி மாவட்டத்தில் தொடங்கிய "கமட்ட சன்னிவேதனய" (கிராமத்துக்குத் தொடர்பாடல்) போன்ற திட்டங்களில் புது டவர் எங்கே என்று பார்ப்பவர்களுக்கு வீடுகளின் எண்ணிக்கையும் பாடசாலையின் பெயரும் இடத்தின் வரைபடப் புள்ளியும் உள்ள கடிதம் உதவும். கடிதத்தின் பிரதி ஒன்றில் முத்திரை வைத்துத் திகதியோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.